இரவல் நகை போட்ட வண்டி

என் பிரியத்துக்குரிய பழனிச்சாமி மச்சானுக்கு,

நீங்கள் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. இத்தனை நாளில் உங்கள் படத்துக்கு நேராக நான் ஒரு தடவைகூட நின்றதில்லை. அக்கா வீட்டுக்குப் போனால் சமையலறைப் பக்கம் நுழைந்து பின்வாசல் வழியாக வந்துவிடுகிறேன். நேராக நின்று சொல்ல முடியாததை இப்போது எழுதுகிறேன். எழுதிப் பெட்டிக்குள் வைக்கப் போவதில்லை, கோயமுத்தூரிலிருந்து வரும் ஒரு சின்னப் பத்திரிகைக்கு அனுப்பப் போகிறேன். ஊர் படித்துவிட்டால் அப்புறம் நான் பின்வாங்க முடியாது. என்னை எனக்குத் தெரியும். வழி இருந்தால் பின்வாங்கிவிடுவேன்.

முதலில் வீட்டுச் சேதி. சரசு அக்கா மூன்று மாடு கட்டியிருக்கிறாள். காலையும் மாலையும் மீனாட்சிபுரத்தில் பால் ஊற்றுகிறாள். கண்மணி நாலாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். நம் ஊர் எல்லையில் கேரளப் பக்கம் என்பதால் பள்ளிக்கூடத்தில் மலையாளம் படிக்கிறாள். நமக்கெல்லாம் வாயில் மட்டும் வரும் மலையாளம் அவளுக்குக் கையிலும் வருகிறது. அவள் அப்படிப் படித்ததால்தான் இந்தக் கடிதம். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பெட்ரோல் விலை ஏறிய காலத்தை நினைத்துப் பாருங்கள். நம் ஸ்டாண்டில் நின்ற ஒவ்வொரு டாக்ஸியிலும் பெட்ரோல் இன்ஜினை இறக்கிவிட்டு டீசல் இன்ஜின் வைத்தோம். அது ஆர்.சி. புத்தகத்தில் முறையாக ஏற்றிக்கொள்ளக்கூடிய மாற்றம், ஏற்றினோம். ஆனால் அந்த இன்ஜின் பொள்ளாச்சி ரோட்டில் ஓடுமே தவிர மலையில் மூச்சு வாங்கும். உங்களுக்கோ பாதிச் சவாரி மறையூர், மூணாறு என்று எஸ்டேட் ஆட்களோடுதான். ஒருநாள் என் பட்டறைக்கு வந்து பானெட் மேல் கையை ஓங்கிப் போட்டீர்கள்.

"மாப்புள்ளே, ஏத்தத்துல பஸ்ஸுக்காரன் ஹாரன் அடிச்சு என்னைய ஒதுக்கீட்டுப் போறான். உள்ள இருக்கறவீங்களை எறங்கித் தள்ளச் சொல்லோணுமாட்ட இருக்குது. ஏதாச்சும் பண்ணு."

மலையில் அணை வேலை முடிந்து, கழித்துப் போட்ட இயந்திரங்கள் பழைய இரும்புக் கடைகளுக்கு வந்துகொண்டிருந்த நேரம் அது. பாறை துளைப்பதற்குக் காற்றடிக்கும் மெஷின் ஒன்றின் சின்ன டீசல் இன்ஜினில், நத்தை ஓடு மாதிரிச் சுருண்டு அது ஒட்டிக்கொண்டிருந்தது. டர்போ. வெளியே போகிற புகையே அதன் ஒரு சக்கரத்தைச் சுற்றும். மறுமுனைச் சக்கரம் காற்றை இழுத்து இன்ஜினுக்குள் அடைக்கும். காற்றுக் கூடினால் டீசலைக் கூட்டி விடலாம், வண்டி கூடுதலாக இழுக்கும். இதை நான் தரையில் சாக்கட்டியால் படம் போட்டு விளக்கினேன். நீங்கள் பாதியிலேயே சிரித்துவிட்டீர்கள்.

"அட, ஊதாங்குழலு! உங்கக்கா அடுப்புல ஊதறாளே, அதேதான். அதுக்கு எதுக்குடா இத்தனை படம்?"

அன்றிலிருந்து அதற்கு ஊதாங்குழல் என்றே பேர். அதைப் பொருத்த எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. குழாயை வளைத்து, பற்றவைத்து, ஆயிலுக்குத் தனி லைன் இழுத்து, மூன்று தடவை கழற்றி மாட்டினேன். முதல் தடவை மறையூர் ஏற்றத்தில் அது ஊத ஆரம்பித்ததும், பின்னாலிருந்து யாரோ உள்ளங்கையால் தள்ளுவது போல வண்டி எழும்பியது. அதே பஸ்ஸை முந்தினீர்கள். ஜன்னல் வழியாக டிரைவரைப் பார்த்து, "ஏனுங், தள்ளி உடோணுங்களா?" என்று கேட்டீர்கள். அவ்வளவு சந்தோஷமாக உங்களை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

இன்ஜினில் இப்படி ஒன்றைச் சேர்க்க முன் அனுமதி வேண்டும் என்கிறது சட்டம். நான் கேட்கவில்லை. கேட்டாலும் கிடைக்காது என்பது வேறு. இந்தச் சட்டத்தை எழுதியவன் ஆறு பேரோடு அந்த ஏற்றத்தில் நின்றிருக்கிறானா என்று ஸ்டாண்டில் சத்தம் போட்டேன். முதலாளியின் ஜீப்பில் இருபது கூலிக்காரர்களை அடைத்துக்கொண்டு போனால் எவனும் கை காட்டி நிறுத்துவதில்லை, நாம் ஒரு பைப்பை மாற்றினால் மட்டும் சட்டம் முழித்துக்கொள்கிறது என்றேன். அந்தக் கோபம் பொய் இல்லை. இன்றைக்கும் இருக்கிறது. ஆனால் அந்தக் கோபத்தின் பின்னால் நின்றுகொண்டு நான் செய்தது என்ன?

இதைப் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். வாடகை வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானதுதான் என்று வருடா வருடம் சான்று வாங்க வேண்டும். அதுதான் எப்.சி. அதைத் தருகிற அதிகாரிக்கு எங்கள் பக்கம் பிரேக் இன்ஸ்பெக்டர் என்று பேர். பிரேக் சரியில்லை என்றால் சான்று கிடையாது. நாலு சக்கரத்துக்கும் பிரேக்கைப் புதுப்பிக்க எந்த டாக்ஸிக்காரனுக்கும் கை வராது. அதனால் நான் ஒரு ஏற்பாடு செய்தேன். புது பிரேக் ஷூ, டிரம், வீல் சிலிண்டர், நல்ல டயர் நாலு என்று ஒரே ஒரு செட் வாங்கிப் பட்டறையில் வைத்தேன். எல்லா டாக்ஸியும் ஒரே மாதிரி வண்டிதானே, எதற்கும் பொருந்தும். எப்.சி.க்கு முந்தின நாள் மாட்டுவேன். சான்று வாங்கி வந்ததும் கழற்றி அடுத்த வண்டிக்கு மாட்டுவேன். பழையது பழைய இடத்துக்குப் போய்விடும். ஸ்டாண்டில் அந்த செட்டுக்கு இரவல் நகை என்று பேர் வைத்தார்கள். "உன்ற வண்டிக்கு நகை போட்டாச்சா?" என்றுதான் கேட்டுக்கொள்வார்கள். நானும் சிரிப்பேன். பத்துப் பதினைந்து வண்டிக்கு எப்.சி. வாங்கிக் கொடுத்த கெட்டிக்காரன் என்று எனக்குப் பெருமை வேறு.

உங்கள் கடைசி எப்.சி. நினைவிருக்கிறதா? ஊதாங்குழலைக் கழற்றிச் சாக்கில் கட்டி அக்காவின் அடுப்படியில் வைத்தோம். நிஜ ஊதாங்குழலுக்குப் பக்கத்திலேயே வைத்தீர்கள், குறும்புக்கு. மைதானத்தில் இன்ஸ்பெக்டர் பெயின்டைப் பார்த்தார், நம்பர் எழுத்தைப் பார்த்தார், ஹாரன் அடித்துப் பார்த்தார். பிறகு பானெட்டைத் திறந்து, நான் போல்ட் வைத்து அடைத்திருந்த ஆயில் லைனைத் தொட்டார்.

"இதெந்தா ஈ பைப்பு?"

நீங்கள் பட்டென்று, "ஹீட்டர் லைனுங் சார்" என்றீர்கள்.

"ஈ சூடிலோ ஹீட்டர்?", இந்த வெயிலிலா என்று அவர் சிரிக்க, "அதானுங் சார் அடைச்சுப் போட்டோம்" என்று நீங்களும் சிரிக்க, மைதானமே சிரித்தது. அவர் தானே வண்டியை எடுத்து ஓட்டி, மிதித்து நிறுத்தினார். நட்டு வைத்த மாதிரி நின்றது. "பிரேக்கு கொள்ளாம்", நன்றாயிருக்கிறது என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அவர் பார்த்ததைத்தான் அவர் எழுதினார். அவர் பார்த்தது உங்கள் வண்டியே அல்ல.

மறுநாள் காலை நடந்ததைத்தான் இந்த ஒன்றரை வருடமும் நான் யாரிடமும் சொல்லவில்லை.

நான் வண்டியைத் தூக்கி வைத்துச் சக்கரத்தைக் கழற்ற உட்கார்ந்தேன். நீங்கள் பீடியை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் குந்தினீர்கள்.

"மாப்புள்ளே, இந்த நகையை ஒரு வாரத்துக்கு என்ற வண்டியிலயே உடேன். நாளைக்கு மூணாறு சவாரி இருக்குது. பாரம் சாஸ்தி. எறக்கம் பாத்துக்க."

"ஆகாதுங் மச்சான். மில்காரரு வண்டி நாளான்னிக்கு எப்.சி. காட்டோணும். காத்தாலயே ஆள் அனுப்பீட்டாரு."

"நாலு டாக்ஸி உடறவரு, அவருக்குப் புதுசு வாங்க வக்கில்லையா? நானு வந்து குடுத்துட மாட்டனா?"

வக்கு இருந்தது. மில்காரர் புதுசாக வாங்கியிருக்கலாம். ஆனால் அவர் முகம் கோணினால் பட்டறைக்கு வேலை வராது என்று எனக்குப் பயம். எப்போதும் பணக்காரனைத் திட்டுகிற நான், அன்றைக்குப் பணக்காரனுக்காக உங்கள் சக்கரத்தைக் கழற்றினேன். கழற்றிக்கொண்டே சொன்னேன்: "ஊதாங்குழலு மாட்டித் தர்றேன், பறந்து போயிட்டு வாங்க மச்சான். பறக்கறவீங்களுக்குப் பிரேக்கு எதுக்கு?"

நீங்கள் சிரித்தீர்கள். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்.

பழைய ஷூவைத் திருப்பி மாட்டும்போது என் விரலுக்குத் தெரிந்தது. லைனிங் தகடு தெரியும் அளவுக்குத் தேய்ந்திருந்தது. பின் சக்கர சிலிண்டரில் ஈரம் கசிந்திருந்தது. துணியால் துடைத்தேன். துடைத்துவிட்டு டிரம்மைப் போட்டு மூடினேன். ஏறுவதற்கு நான் ஒரு இன்ஜினின் பலத்தைக் கூட்டித் தந்தேன். அந்தப் பலத்தை நம்பித்தான் நீங்கள் பாரம் ஏற்றினீர்கள். நிற்பதற்கு நான் என்ன தந்தேன்? ஒரு துணித் துடைப்பு.

மூணாறிலிருந்து மறையூருக்கு இறங்கும் வழியில் வண்டி தேயிலைச் சரிவில் பாய்ந்தது. எஸ்டேட் தொழிலாளி அந்தோணி குடும்பம் அதில் இருந்தது. கீழே எலப்புள்ளியில் இருந்த மகளின் குழந்தைக்கு ஞானஸ்நானம். மேலே கேரியரில் மரத் தொட்டில் ஒன்றும் சாமான்களும் கட்டியிருந்தன. நீங்களும் அந்தோணியும் அந்த இடத்திலேயே போனீர்கள். அவர் மனைவி ரோஸம்மாள் கால் ஒடிந்து பிழைத்தாள். மற்றவர்கள் சின்னச் சின்ன அடியோடு தப்பினார்கள்.

சேதி கேட்டதும் நான் என்ன எடுத்துக்கொண்டு லாரி ஏறினேன் தெரியுமா? ஸ்பேனர். போய்ச் சேர்ந்தபோது உங்களைக் கொண்டுபோயிருந்தார்கள். வண்டி மட்டும் சரிவில் கிடந்தது. காவலுக்கு நின்ற போலீஸ்காரரிடம், "மச்சானோட சாமானை எடுத்துக்கறேனுங்க" என்றேன். பாவம் பார்த்து விட்டார். நாலு போல்ட், ஒரு ஆயில் பைப். அழுவதற்கு முன்னால் ஊதாங்குழலைக் கழற்றினேன், மச்சான். முன் சீட்டில் கிடந்த உங்கள் துண்டில் அதைச் சுற்றி எடுத்து வந்தேன். அனுமதியில்லாத மாற்றம் என்று கண்டுபிடித்தால் பட்டறை போய்விடும், உள்ளே தள்ளிவிடுவார்கள் என்று அந்த நேரத்தில் எனக்குக் கணக்காக யோசிக்கத் தெரிந்திருக்கிறது.

பிறகு அறிக்கை வந்தது. முன் கண்ணாடியில் இரண்டு நாள் முன்பு வாங்கிய எப்.சி. ஒட்டியிருந்தது, ஆகவே பிரேக் சரியாக இருந்தது. மோதியதில் பிரேக் பைப் அறுந்துவிட்டதால் மேற்கொண்டு சோதிக்க வழியில்லை. கியர் நியூட்ரலில் இருந்தது. ஆகவே டிரைவர் டீசலை மிச்சம் பிடிக்க இறக்கத்தில் நியூட்ரலில் விட்டு இறங்கியிருக்கிறார்.

நியூட்ரலில் இறங்குகிற டிரைவர்களை நமக்குத் தெரியும். நீங்கள் அவர்களைக் கெட்ட வார்த்தையில் திட்டுவீர்கள். ஸ்டாண்டில் ஒருத்தனுக்கும் அது மறந்திருக்காது. ஆனாலும் ஒருத்தனும் வாய் திறக்கவில்லை. எல்லார் வண்டியும் ஒருநாள் நகை போட்டு எப்.சி. வாங்கிய வண்டிதான். நான் சும்மா இருந்ததால் அவர்களும் சும்மா இருந்தார்கள்.

போன மாதம் ரோஸம்மாள் என் பட்டறைக்கு வந்தாள். இப்போது எலப்புள்ளியில் மகளோடு இருக்கிறாளாம். காலைத் தாங்கித் தாங்கி நடக்கிறாள். நான் ஸ்டூலை எடுத்துப் போட்டேன். திட்ட வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

"தம்பி, நீங்கதான் அந்த டிரைவர் அண்ணாச்சிக்கு மச்சினனாமே?"

"ஆமாங்க."

"அவுக காலால மிதிச்சுக்கிட்டே இருந்தாக தம்பி. தையல் மிஷின் மிதிக்கிற மாதிரி. என்ன அண்ணாச்சின்னு எங்க வீட்டுக்காரர் கேட்டாரு. 'ஒண்ணுமில்லீங்க, கெட்டியாப் புடிச்சுக்கங்க'ன்னாக. அப்புறம் அந்தக் கம்பியைப் புடிச்சு இழுத்தாக. கரகரன்னு ஒரு சத்தம், இரும்பை இரும்பு அரைக்கிற மாதிரி. அந்தச் சத்தம் இன்னும் என் காதுல கெடக்கு. அது என்ன சத்தம்?"

நான் கீழே கிடந்த ஸ்பேனரை எடுத்துத் துடைத்தேன்.

"போலீஸ்லயும் இதைத்தான் சொன்னேன். எழுதிக்கிட்டாக. மலையாளத்துல எழுதிக் கையெழுத்து வாங்கிக்கிட்டாக. இப்ப வக்கீல் படிச்சுக் காட்டுனாரு. சும்மா உருட்டி விட்டுட்டு வந்தாருன்னு நான் சொன்னதா இருக்கு. நான் அப்படிச் சொல்லவே இல்லையே! எனக்கும் புருசன் போயிட்டாரு. அதுக்காகச் செத்த மனுசன் மேல இல்லாத பழியைப் போட முடியுமா? சாவுற நேரத்துலயும் எங்களைக் கெட்டியாப் புடிக்கச் சொன்ன மனுசன் தம்பி."

அது என்ன சத்தம் என்று எனக்குத் தெரியும். மிதித்து மிதித்துப் பார்த்தும் பிரேக் பிடிக்காமல் போனதும், நீங்கள் மூன்றாவது கியரிலிருந்து இரண்டாவதுக்குக் குறைத்து இன்ஜினால் வண்டியைப் பிடிக்கப் பார்த்தீர்கள். வேகம் மிஞ்சிய பிறகு கியர் விழாது. பல்லோடு பல் சேராமல் அலறும். கியர் கம்பி நடுவிலேயே நின்றுவிடும். நியூட்ரல் என்று அவர்கள் எழுதியது உங்கள் அலட்சியத்தை அல்ல. நீங்கள் கடைசியாகச் செய்த வேலையை. ஒரு மெக்கானிக் வாயைத் திறந்து சொல்ல வேண்டிய விஷயம் அது. மெக்கானிக் நான்தான்.

அன்றைக்கும் அவளிடம் சொல்லவில்லை. டீ வாங்கிக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டேன்.

கண்மணி விஷயத்துக்கு வருகிறேன். நஷ்டஈடு கேட்டு ரோஸம்மாள் தரப்பு போட்ட வழக்கில் அக்காவுக்குக் கோர்ட் நோட்டீஸ் வந்தது. மலையாளத்தில் இருந்தது. நான் போனபோது கண்மணி அதைக் கையில் வைத்து எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள். பெருமையாகத்தான் படித்தாள், பாடம் ஒப்பிக்கிற மாதிரி.

"டிரைவருடெ... அஸ்ரத்த... அம்மா, அஸ்ரத்தைன்னா என்னம்மா?"

அக்கா பால் கேனைக் கழுவிக்கொண்டே சொன்னாள். "கவனம் இல்லாததுன்னு அர்த்தம் கண்ணு. உங்கப்பனுக்கு டீசல் மேல இருந்த கவனம் நம்ம மேல இல்ல."

கண்மணி என்னைப் பார்த்தாள். "அப்புடீங்களா மாமா?"

நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போகிறேன் என்று சொல்லி எழுந்துவிட்டேன். தொட்டியில் தண்ணீர் நிறைய இருந்தது.

மச்சான், உங்களைக் கொன்றதைவிடப் பெரிய காரியம் ஒன்றை நான் செய்துகொண்டிருக்கிறேன் என்று அந்தத் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் உறைத்தது. ஒரு லிட்டர் டீசலுக்காகத் தன்னை விட்டுப் போன புருஷன் என்று அக்கா உங்களை நினைத்துக்கொண்டிருக்கிறாள். உங்கள் மகள் அதை எழுத்துக் கூட்டி மனப்பாடம் செய்கிறாள். சட்டத்தை ஏமாற்றினோம் என்று சிரித்தேனே, ஏமாந்தது சட்டமா? அதற்கு ஒரு கையெழுத்து, ஒரு அறிக்கை, முடிந்துவிட்டது. அதன் மேல் எனக்கு இருக்கும் கோபத்தையும் நான் விடப் போவதில்லை. ரோஸம்மாளின் வாக்குமூலத்தை மாற்றி எழுதிய கையைப் பற்றியும் கேட்பேன். ஆனால் என் கையைக் காட்டிய பிறகுதான் அதைக் கேட்க எனக்கு யோக்கியதை.

வரும் திங்கட்கிழமை விசாரணை. மலைமேல் இருக்கும் கோர்ட்டுக்குப் போகிறேன். உங்கள் துண்டில் சுற்றியபடியே ஊதாங்குழலை எடுத்துப் போகிறேன். இரவல் நகை செட்டையும் சாக்கில் கட்டி வைத்திருக்கிறேன். இரண்டையும் கோர்ட்டில் வைத்து, எதை எப்போது மாட்டினேன், எதை எப்போது கழற்றினேன் என்று சொல்வேன். மில்காரர் வண்டி அடுத்த வாரம் எப்.சி. காட்ட வேண்டுமாம், ஆள் வந்தான். செட் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஸ்டாண்டில் இரண்டு பேர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். பட்டறை நிற்காது. நிற்காமல் போகட்டும்.

அதற்கு முன்னால், நாளைக் காலையில், பால் ஊற்றிவிட்டு அக்கா வந்ததும் இந்தக் கடிதத்தை உங்கள் படத்துக்கு முன்னால் நின்று அவளுக்குப் படித்துக் காட்டுவேன். அவள் என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியவில்லை. கையிலிருக்கும் கேனால் அடித்தாலும் பின்வாசல் பக்கம் போக மாட்டேன். கண்மணி கேட்ட கேள்விக்கும் பதில் சொல்வேன். அஸ்ரத்தை என்றால் என்னவென்று கேட்டாயே கண்ணு, உங்கப்பன் பிரேக்கைக் கேட்டார், மாமன் தரவில்லை, அதுதான் அது என்று சொல்வேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

அப்படிச் சொல்லிக்கொள்ள நீங்கள் இன்னும் விடுவீர்கள் என்றால்,
உங்கள் மாப்பிள்ளை,
மருதாசலம்